மேற்படி நபர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏட்டு தங்கையன் கடைக்குள் வந்து, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க பாய், போன வாரம் என்னென்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

ஷேக் பரீத் அவருக்கு வாயால் பதில் சொல்லவில்லை. பதிலை நேராகவே டைப் அடித்தார். மேற்படி நபர் சனிக்கிழமை கும்பகோணம் சென்று பிரிண்டருக்கு மை வாங்கி மாலையில் திரும்பினார். ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்தார். செவ்வாயன்று அய்யம்பேட்டையில் மைத்துனர் மகள் நிச்சயதார்த்தத்தில் கலந்துகொண்டு பிரியாணி உண்டார். தங்கையன் எட்டிப் பார்த்து, பிரியாணி வேண்டாம், மேலே இருக்கிற அதிகாரி சைவம், 'உணவருந்தினார்' என்று போட்டால் போதும் என்றார். பரீத் திருத்தினார். பிரிண்ட் எடுத்து, தங்கையன் கையெழுத்துப் போட இடம் காட்டி, உறையில் வைத்து ஒட்டி, மேலே 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரைகூட பரீத் செய்யக் கொடுத்து வாங்கியதுதான். ஸ்டேஷனில் இருந்த பழையதில் 'ரகசியம்' தேய்ந்து போய் 'மிக' மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

இது பதினொரு வருடமாக நடக்கிறது. தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் பரீதின் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுதல். பட்டா மாறுதலா, பயிர்க் காப்பீடா, வாய்க்காலை வளைத்துத் தென்னை வைத்த பங்காளியா, எதுவானாலும் சனங்கள் முதலில் பரீதிடம் வருவார்கள். எத்தனை பெரிய அழுகையையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கி, கீழே 'தங்கள் உண்மையுள்ள' போட்டுக் கொடுப்பார். அவர் எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று தாலுகாவில் ஒரு பேச்சு உண்டு. அதாவது, வேலை நடக்கும் என்று அர்த்தமில்லை. மனுவில் குறை சொல்லித் திருப்ப முடியாது, அவ்வளவுதான்.

பதினொரு வருடத்துக்கு முன் யாரோ ஒருவன் அந்தக் கடையில் நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனான். நாலு மாதம் கழித்து அவனை வடக்கே எங்கேயோ ஒரு பயங்கரவாத வழக்கில் பிடித்தபோது, பையில் பரீதின் கடை முத்திரை போட்ட காகித உறை ஒன்று இருந்தது. பரீதைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டார்கள். தினம் நூறு பேர் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், அதில் இவன் எந்த முகம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவர்களும் நம்பினார்கள். வழக்கு போடவில்லை. வழக்கு என்றால் வாய்தா இருக்கும், தீர்ப்பு இருக்கும், என்றைக்காவது முடியும். இது வெறும் சந்தேகம். அதை முடித்துவைக்க எந்த நாற்காலிக்கும் அதிகாரம் இல்லை.

பரீதைக் கண்காணிக்கத் தங்கையனைப் போட்டார்கள். உளவுப் பிரிவு என்பதால் மப்டி. வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, பழுப்பு ஷூ, இடுப்பில் போலீஸ் பெல்ட் என்று ஊரில் கறிக்கடைக்காரர் முதல் கோயில் குருக்கள் வரை எல்லோரும் அறிந்த ரகசியப் போலீஸ். முதல் இரண்டு வாரம் எதிரே இருந்த டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். கம்பம் ஒல்லி, தங்கையன் அப்படியல்ல. மூன்றாம் வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பரீத்தான் குடையோடு ரோட்டைத் தாண்டிப் போய், நனையாதீர்கள், உள்ளே வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்து வந்தது அறிக்கைச் சிக்கல். தங்கையனின் கையெழுத்து மேலிடத்தில் யாருக்கும் புரியவில்லை. ஓர் அதிகாரி அதைச் சங்கேத எழுத்தோ என்று சந்தேகித்து வேறு பிரிவுக்கு அனுப்பிவைத்தார் என்றுகூடச் சொல்வார்கள். டைப் அடித்து அனுப்பு என்று உத்தரவு. ஸ்டேஷனில் தமிழ் டைப்பிங் தெரிந்தவர் இல்லை. வெளியே கொடுத்தால் ரகசியம் கசியும். யோசித்துப் பார்த்தால், விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஆளிடம் கொடுப்பதுதான் ஆகப் பெரிய பாதுகாப்பு. இப்படித்தான் பயங்கரவாதச் சந்தேகத்துக்குரிய ஷேக் பரீத், வாரம் ஒருமுறை, தன்னைத் தானே வேவு பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுத ஆரம்பித்தார். போலீஸ் வேலையில் இவ்வளவு துல்லியம் அதற்கு முன் இருந்ததில்லை.

இதனால் தனக்கு என்ன நஷ்டம் என்று பரீத் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. வேறு எங்கேயும் அவர் போக வேண்டியிருக்கவில்லை. அனீஸாவுக்குப் போக வேண்டியிருந்தது.

அனீஸா ஒரே மகள். நர்சிங் முடித்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். ஊசி குத்த நரம்பு கிடைக்காத கிழவர்களுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நேர்காணலில் தேர்வானாள். ஏஜெண்ட் சொன்ன பேச்சை நம்பி இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆடி மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நம்பர் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருப்பவளை எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் ஸ்டேஷனிலிருந்து மூன்றே வரி போனது. விண்ணப்பதாரர் மீது வழக்கு ஏதும் இல்லை. தந்தை கண்காணிப்பில் உள்ளார். மேல் ஆய்வு தேவை. அந்த மூன்று வரியில் விண்ணப்பம் போய் மாட்டிக்கொண்டது, மதகில் சிக்கிய வைக்கோல் மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. வேறு யாரோ தொடுத்த வழக்கில் கோர்ட்டு கேட்ட கேள்விக்குப் பயந்து மேலிடம் அனுப்பியது. காரணத்தை எழுத்தில் பதியாமல் எவரையும் ஆறு மாதத்துக்கு மேல் கண்காணிப்பில் வைக்கக் கூடாது. பழைய கோப்புகளையெல்லாம் மூவர் கொண்ட மறு ஆய்வுக் குழு பார்க்கும். காரணம் இல்லாதவற்றை மூடிவிட வேண்டும். தங்கையன் அதை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தார். பரீத் படித்துவிட்டு இன்னொரு முறை படித்தார். இரண்டாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"முடிஞ்சிது பாய். உங்க ஃபைலுல என்னா இருக்கு? ஒண்ணுமில்ல. மூடிருவாங்க. நான்தான் வெள்ளிக்கெழம எங்க போயி உக்காருவன்னு தெரியல," என்றார் தங்கையன். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு.

பக்கத்துக் கட்டடத்து வக்கீல் ராஜசேகர் இன்னும் நிச்சயமாகச் சொன்னார். ராஜசேகரின் பெயர்ப் பலகை அவர் ஆபீசைவிட அகலம். அரசியலமைப்பின் இருபத்தொன்றாவது பிரிவைச் சொல்லும்போதெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொள்வார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களும் தேசிய கீதமோ என்று தடுமாறி எழுந்துவிடுவார்கள். காரணமில்லாமல் ஒரு குடிமகனின் நிழலைக்கூட அரசாங்கம் பின்தொடர முடியாது, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம் என்று அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும், தன் வீட்டுக் குழாய் வரி மனு ஒன்றை டைப் அடித்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு ஆய்வுக்குக் கோப்போடு ஒரு சுருக்கமும் வைக்க வேண்டும். அதையும் பரீதைவிட நன்றாக யார் எழுதுவது? தங்கையன் பதினொரு வருடக் கோப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பரீத் தன்னைப் படித்தார். நாளும் கிழமையும் மாறாமல் ஐந்நூற்று எழுபது சொச்சம் வாரங்கள். மேற்படி நபரின் மனைவி ரசியா பேகம் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காகத் தஞ்சாவூர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதால் மேற்படி நபர் நான்கு இரவுகள் வராந்தாவில் தங்கினார். மேற்படி நபர் கஜா புயலில் கடையின் தகரக் கூரையை இழந்தார். மேற்படி நபர் மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்தில் யாரிடமும் பேசவில்லை. இப்படி ஒன்று நடந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதிவைக்க வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. கொஞ்சம் கண் கலங்கியது. உடனே வெட்கமாக இருந்தது, யார் எழுதியதைப் படித்து அழுகிறோம் என்று.

சுருக்கம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அவர் ஆயுளில் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. படித்தவுடன் எவரும் பேனாவை எடுத்து 'மூடுக' என்று எழுதிவிடத் தோன்றும். வீட்டில் ரசியா பேகம் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவிட்டாள். மஸ்கட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை, குழம்புத் தூளுக்குத்தான் என்று யாரோ சொல்லி, இரண்டு கிலோ அரைத்து வைத்தாள். அந்த வாரம் முழுதும் மனு எழுத வந்தவர்களிடம் பரீத் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை தங்கையன் வந்தார். நாற்காலியை இழுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பட்டா நகலுக்கு நின்ற இரண்டு பேர் போகும்வரை கண்ணாடி டப்பாவில் இருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீட்டிச்சிட்டாங்க பாய்," என்றார்.

தங்கையனே சொன்னார். குழுவில் மூன்று பேர். அன்று ஒரு நாளில் நாற்பத்தேழு கோப்பு. சுருக்கம் பிரமாதம் என்றார்களாம், ஆனால் சுருக்கமெல்லாம் கீழே இருப்பவன் எழுதுவது, அறிக்கை என்ன சொல்கிறது என்று பார் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அறிக்கை முழுக்கப் படிக்க நேரமில்லை. ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்தியை மட்டும் புரட்டியிருக்கிறார்கள். ஐந்நூற்று எழுபது அறிக்கையிலும் கடைசிப் பத்தி ஒன்றே.

பரீத் கணினியில் வாராந்தர அறிக்கையின் மாதிரிப் படிவத்தைத் திறந்து, பதினொரு வருடத்தில் முதன்முறையாக, அடிவரை போனார். அங்கே இருந்தது. 'எனினும், பொது அமைதியின் நலன் கருதி, மேற்படி நபர் மீதான தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அதை எழுதியது எப்போது என்று அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. டைப் அடித்துப் போன முதல் அறிக்கை 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்று முடிந்தது. அது, ஓரத்தில் சிவப்பு மையில் 'முடிவு?' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. தங்கையன் அந்தத் தாளோடு கடைக்கு ஓடி வந்தார். பரீதுக்கு அது மானப் பிரச்சினை; அவர் கையால் எழுதிய தாள் அதுவரை திரும்பி வந்ததில்லை. எந்தக் காகிதமும் கடைசியில் எதையாவது கேட்க வேண்டும், எதையும் கேட்காத காகிதத்தை ஆபீசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் தொழிலில் படித்த பாடம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த வாக்கியம் வந்துவிட்டது. 'இன்றியமையாதது' என்ற சொல் விழுந்த இடம் அவருக்கே பிடித்துப்போனது. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் அது படிவத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு வாரமும் அவர் அதற்கு மேலேதான் அடித்தார். 'தங்கள் உண்மையுள்ள' என்பதை யார் படிக்கிறார்கள்? கோப்பு முழுவதையும் படித்த அன்றும் கண் அதைத் தாண்டித்தான் போயிருந்தது. மறு வருடம் சிறந்த அறிக்கைகளுக்காகத் தங்கையனுக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

"நான் எழுதுனதுன்னு சொல்லிர்றேன் ஏட்டய்யா."

"சொல்லுங்க. என்னான்னு சொல்லுவீங்க? சந்தேகத்துல இருக்குற ஆளு, பதினோரு வருசமா போலீஸ் ரெக்கார்ட அவரே எழுதிக்கிட்டாருன்னா? என்னய அன்னிக்கே அனுப்பிருவாங்க. அது போவட்டும். உங்கள என்னா பண்ணுவாங்கன்னு யோசிச்சீங்களா? இது வரைக்கும் வெறும் சந்தேகந்தான் பாய்."

பரீத் அன்று சாயங்காலம் ராஜசேகரிடம் போய், ஒரு தெரிந்தவருக்காக என்று சொல்லிக் கேட்டார். ராஜசேகர் எழுந்து நின்றார். நீட்டிப்பு உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு தாராளமாகச் செய்யலாம், சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, உத்தரவின் நகலைக் கொண்டுவரச் சொல் என்றார். அது ரகசிய உத்தரவு, சம்பந்தப்பட்டவருக்குக் கொடுக்க மாட்டார்களே என்று பரீத் சொன்னதும், அப்படியானால் அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரிந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வக்கீல் வாழ்க்கையில் அவர் கேட்ட கூர்மையான கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும். பரீத் வந்த வழியே திரும்பினார். ஊருக்கெல்லாம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறவர், கையை வீசிக்கொண்டு நடந்தார். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் மறைக்க முடியவில்லை. பெட்டி கூடத்து நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ரசியா பேகம் தட்டை வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அறிக்கை வாசிக்கிற குரல்தான் வந்தது. வேறு குரல் அகப்படவில்லை. ரசியா பேகம், தாலுகா பூராவுக்கும் எழுதிக் குடுத்தீங்களே, உங்களுக்கு ஒண்ணு ஒழுங்கா எழுதிக்கத் தெரியலையாங்க என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அனீஸா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தா, அந்த வாக்கியத்த இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்க," என்றாள்.

அவள் கோபமாகச் சொன்னதா, கிண்டலாகச் சொன்னதா, அல்லது இத்தனை வருடமாக அவருடைய மனுக்களைப் பிழை பார்த்துக் கொடுத்துவந்த பழக்கத்தில் நிஜமாகவே அபிப்பிராயம் சொன்னாளா என்று பரீதுக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். தட்டிலிருந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

ஆடி முடிந்தது. மஸ்கட்டுக்குப் பட்டியலில் அடுத்து இருந்த, மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி போனாள். அனீஸா பழைய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு, இடம் நிரப்பியாகிவிட்டது, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். சும்மா வீட்டில் இருக்க வேண்டாம் என்று கடைக்கு வர ஆரம்பித்தாள். நடவுக்கு முன்னால் சம்பா விதை மானியத்துக்கு மனு எழுதக் கூட்டம் வந்தது. இரண்டு பேர் இருந்தும் கை ஓயவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் தங்கையன் வந்தார். நாற்காலியை மின்விசிறிக்கு நேராகப் போட்டார். ஆனால் தண்ணீர் கேட்கவில்லை. பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். நிரப்ப வேண்டியது பதினான்கு கலம். சுற்றறிக்கைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக்கான காரணங்களை விவரமாகப் பதிய வேண்டும், கோர்ட்டு கேட்டால் காட்ட வேண்டும், அதற்காக அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். முன்பு வெறும் சந்தேகம் இருந்தால் போதும். இப்போது குடிமக்களின் உரிமையைக் காப்பதற்காக, சந்தேகத்துக்கு ஆதாரம் திரட்ட வேண்டியிருந்தது.

"இனிமே எல்லாம் சட்டப்படிதான் பாய்," என்றார் தங்கையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

எட்டுக் கலம் வரை வேகமாகப் போயிற்று. ஒன்பதாவதில் பரீதின் விரல்கள் நின்றன. மேற்படி நபருடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர்களில் வெளிநாடு செல்ல முயன்றவர் இருப்பின், அவரது பெயர், வயது, தொழில், தொடர்பு எண், அங்க அடையாளம். பரீத் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையன் தொண்டையைச் செருமினார். வெறுமனே விட்டால் திரும்பி வந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். ஜெராக்ஸ் மெஷினில் நில அடங்கல் நகல் ஒன்று பாதியில் சுற்றிக்கொண்டிருந்தது.

பரீத் பெயரை அடித்தார். வயதை அடித்தார். தொழில் என்ற இடத்தில் 'செவிலியர்' என்று அடித்து, அதை அழித்து, மறுபடி அதையே அடித்தார். போன் நம்பர் மனப்பாடம். அப்புறம் கை ஓடவில்லை.

"அங்க அடையாளம்..." என்றார் தங்கையன்.

அனீஸா மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசை மேல் கையை மல்லாத்தி நீட்டி வைத்தாள். முழங்கைக்குக் கீழே, வெந்நீர் கொட்டிய பழைய தழும்பு, ஒரு வேப்பிலை அகலத்துக்கு. விரல்களை ஒருமுறை மடக்கி, இறுக்கி, விரித்தாள். ஊசி குத்தும் முன்பு எத்தனையோ பேரிடம் அவள் செய்யச் சொன்னது போல. உள்கையில் நரம்பு பச்சையாக மேலே எழுந்து வந்தது.

தங்கையன் குனிந்து பார்த்தார்.